மலை இறங்கும்போது மட்டும்

என் மகள் ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு போய்ப் பார்க்கலாம். அம்மாவை முன் சீட்டில் உட்காரவைத்து, ஒரு பை தட்டுவடை, ஒரு பை துவைத்த துணி என்று காலையில் ஏறுவோம். பொழுது சாய இறங்குவோம். வண்டி, நான்கு வருடத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கிய செடான். ஆட்டோமேட்டிக் கிளைமேட் கண்ட்ரோல் உண்டு. 24 என்று வைத்துவிட்டால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று விற்றவர் பெருமையாகச் சொன்னார். வாங்கிய மறு வருடமே கூலிங் காயில் (காற்றைக் குளிரவைக்கிற குழாய்ச் சுருள்) ஓட்டை விழுந்து மாற்ற வேண்டிவந்தது. அதைத் தவிர பெரிய செலவு வைக்காத வண்டி.

போன வருடம் நவம்பரில் ஒரு ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு இறங்கத் தொடங்கினோம். மூடுபனி. வண்டி விளக்கு பத்தடிக்கு மேல் போகவில்லை. அது பழகியதுதான், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே இறங்கிவிடலாம். பழகாத ஒன்று அன்றைக்கு நடந்தது. முன் கண்ணாடியின் உள்பக்கம் ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. கண்ணாடிக்குக் காற்று அடிக்கிற பட்டனை அழுத்தினேன். காற்றைத் தள்ளுகிற ப்ளோயர் முழு வேகத்தில் இரைந்தது. கையை வைத்துப் பார்த்தால், ஊதுபத்திப் புகையை அசைக்கிற அளவுக்குக்கூடக் காற்று இல்லை. அம்மா முந்தானையால் துடைத்தார். துடைத்த இடம் பத்து நொடியில் மறுபடி வெளுத்தது. "ஜன்னலைத் தெறந்து உடு கண்ணு" என்றார். நான்கு ஜன்னலையும் இறக்கினேன். கண்ணாடி கொஞ்சம் தெளிந்தது. அடிவாரம் வரும்வரை இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். இருபது நிமிடம் கழித்து வண்டியை எடுத்தால் ஏசி ஜில்லென்று அடிக்கிறது. வண்டி நின்ற இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்த மாதிரி ஈரம். அந்த ஈரத்தைப் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

மறுநாள் ஒரு வொர்க்‌ஷாப்பில் விட்டேன். ப்ளோயர் பக்கத்துத் துவாரத்தில் கையை வைத்துப் பார்த்த பையன், போனெட்டைத் திறப்பதற்கு முன்பே "கேஸ் கம்மி சார்" என்றான். 1,800 ரூபாய். டிசம்பரில் மலையிலிருந்து இறங்கும்போது அதே கதை. இன்னொரு வொர்க்‌ஷாப், மறுபடி கேஸ், கூடவே கேபின் ஃபில்டர். ஃபில்டரைக் கழற்றியபோது காய்ந்த வேப்பம்பூ ஒரு கை கொட்டியதால், அதுதான் காரணம் என்று நானும் நம்பினேன். ஜனவரியில் மூன்றாவது தடவை. ஒவ்வொரு முறையும் சேலத்தில் சோதித்துப் பார்த்துத்தான் வண்டியைத் தந்தார்கள். சேலத்தில் அது நன்றாகவே வேலை செய்தது. சிக்கலே அங்கேதான்.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்பவன். எங்கள் தொழிலில் எடை போடாமல் எதுவும் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகாது. பற்றவைக்கப் பொடி கொடுத்தால் அதையும் எடை போட்டுத்தான் கொடுப்போம். அப்படிப்பட்ட நான், மூன்று தடவை வண்டிக்குக் கேஸ் ஏற்றியபோதும் எத்தனை கிராம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன் பலன் மார்ச்சில் தெரிந்தது. வெயில் 38-ஐத் தொட்ட நாள், ஐந்து ரோடு சிக்னலில் நிற்கும்போது துவாரத்திலிருந்து அனல் வந்தது. வண்டி நகர்ந்தால் குளிர்ச்சி, நின்றால் அனல். இது புது நோய்.

கொண்டலாம்பட்டிப் பக்கம் கார் ஏசி மட்டும் பார்க்கிற பாய் ஒருவர் இருப்பதாக எங்கள் பட்டறைக்காரர் சொல்லி அனுப்பினார். தகரக் கொட்டகை, வேப்பமரம், இரண்டு பையன்கள். நான் போனபோது வேறொரு காரின் டேஷ்போர்டுக்குள் தலையை விட்டிருந்தார். உள்ளேயிருந்து டக் டக் டக் என்று சத்தம். வெளியே வந்து, கேஸை அழுத்திச் சுற்றவிடுகிற கம்ப்ரசருக்குத் திரும்புகிற அந்தக் காரின் பைப்பை என்னைத் தொடச் சொன்னார். வியர்த்து ஜில்லென்றிருந்தது. துவாரத்தில் கை வைக்கச் சொன்னார். டிரைவர் பக்கம் சூடு, அந்தப் பக்கம் குளிர்ச்சி. "கேஸு இருக்கு, கம்ப்ரசர் ஓடுது, காயில் குளுந்திருக்கு. உள்ளுக்குள்ள சூடும் குளிரும் கலக்கிற பலகை ஒண்ணு இருக்கு தம்பி. அத ஆட்டுற மோட்டார்ல பிளாஸ்டிக் பல்லு ஒடஞ்சிருக்கு, பலகை பாதியிலேயே நிக்குது. இதுக்கும் நாலு இடத்துல கேஸ் அடிச்சிருக்காங்க." ஹீட்டருக்கான சுடுதண்ணீர் பல கார்களில் எந்நேரமும் டேஷ்போர்டுக்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. அந்தப் பலகை சரியாக மூடாவிட்டால் எவ்வளவு நல்ல ஏசியும் வெந்நீரில் கரைந்துபோகும். எனக்கு இது அன்றைக்குத்தான் தெரியும்.

என் வண்டிக்கு வந்தார். கேஜை மாட்டினார். அழுத்தம் பார்க்கிற கருவி அது; நீலம் தாழ்ந்த அழுத்தத்துக்கு, சிவப்பு உயர்ந்த அழுத்தத்துக்கு. இன்ஜின் ஓடாதபோது இரண்டு முள்ளும் ஒரே அளவில்தான் நிற்கும். 35 டிகிரி சூட்டில் ஏறத்தாழ 115 பி.எஸ்.ஐ. இதைப் பார்த்து "கேஸ் சரியா இருக்கு" என்று சொல்பவர்கள் உண்டாம். அந்த முள் வெப்பநிலையைத்தான் சொல்கிறதே தவிர அளவைச் சொல்வதில்லை. உள்ளே சொட்டு திரவம் இருக்கும்வரை 150 கிராம் இருந்தாலும் 600 கிராம் இருந்தாலும் முள் அங்கேயேதான் நிற்கும். சமையல் கேஸ் சிலிண்டர் தீரும் நாள்வரை அடுப்பு ஒரே மாதிரி எரிகிற மாதிரிதான் இதுவும். சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

இன்ஜினை ஓடவிட்டார். சிவப்பு முள் 250-ஐத் தாண்டி, 300-ஐத் தாண்டி, 350-க்கு மேல் ஏறிக்கொண்டே போனது. ரேடியேட்டர் ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது, கேஸின் சூட்டை வெளியே விடுகிற கண்டன்சரில் அடைப்பில்லை. 400-க்கு மேல் போனதும் டக்கென்று கம்ப்ரசர் நின்றது. அழுத்தம் எல்லை மீறினால் குழாய் வெடிக்காமல் இருக்க வண்டியே நிறுத்திக்கொள்கிறது. ஐந்து ரோடு சிக்னலில் நடந்தது இதுதான். கேஸை இழுத்து எடை பார்க்கிற மெஷினை இணைத்தார். 612 கிராம் வந்தது. போனெட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத் துணியால் துடைத்துக் காட்டினார். வண்டிக்கு வேண்டிய கேஸின் பெயரும் அளவும்: ஆர்-134ஏ, 450 கிராம்.

"இத்தன ஊத்துனது யாரு தம்பி?" என்றார். பொடி வைத்துப் பேசுகிறவர் என்று நினைத்தேன். இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஊற்றியவர்களை அவர் ஒரேயடியாகத் திட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கேஸ் குறைந்தாலும் காயில் உறைந்து காற்று அடைபடும், அதனால் முதல் தடவை அப்படி நினைத்ததில் தப்பில்லை என்றார். இரண்டாவது தடவை எடை பார்க்காமல் ஊற்றியதுதான் தப்பு. ஏசியின் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது. குறைந்தால் எங்கோ லீக் இருக்கிறது, அதைத் தேடி அடைக்க வேண்டும். லீக்கைத் தேடாமல் கேஸ் மட்டும் ஏற்றுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் மொள்வது. என் வண்டியில் லீக்கே இல்லை. நிரம்பிய பானையில் மொண்டு ஊற்றியிருக்கிறார்கள்.

இந்த ஆர்-134ஏ வந்த வழி ஒரு கதை. முன்பு ஆர்-12 என்ற கேஸ் இருந்தது. அது ஓசோன் படலத்தைத் தின்கிறது என்று தெரிந்து, 1987-ல் மான்ட்ரியலில் உடன்படிக்கை போட்டு உலகமே அதைக் கைவிடத் தொடங்கியது. அதன் இடத்துக்கு இது வந்தது. ஓசோனுக்குத் தீங்கில்லை; ஆனால் பூமியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ ஆர்-134ஏ 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்று கணக்கு. 2016-ல் கிகாலியில் இதையும் படிப்படியாகக் குறைக்க முடிவு செய்தார்கள். புது வண்டிகள் பலவற்றில் இப்போது ஆர்-1234ஒய்எஃப் என்ற வேறொரு கேஸ் வருகிறது. வால்வை அழுத்திப் புஸ்ஸென்று காற்றில் விடுகிற பையன்களைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் எனக்கு அந்த 1,430 என்ற எண்தான் ஞாபகம் வருகிறது. ஆர்-134ஏ மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். கண்ணில் பட்டால் கண் போய்விடும் என்பது தனி.

சரி, 450 கிராம் எடை போட்டு ஏற்றினார். சேலத்து நோய் தீர்ந்தது. மலை நோயைச் சொன்னேன். காற்று நின்றது, டீக்கடையில் நிறுத்தியது, அப்புறம் தானாகச் சரியானது, கீழே ஈரம். ஈரம் என்றதும் அவர் பீடியை அணைத்தார்.

"குளிர் கொறஞ்சுதா, காத்து கொறஞ்சுதா?"

காற்று என்றேன். ஐந்து மாதத்தில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. காற்று வருகிறது ஆனால் குளிரவில்லை என்றால் கேஸ், கம்ப்ரசர், கலக்குகிற பலகை என்று தேட வேண்டும். ப்ளோயர் இரைகிறது ஆனால் காற்றே வரவில்லை என்றால் வழியில் ஏதோ அடைத்திருக்கிறது. ஃபில்டர் புதிது. மிச்சமிருப்பது காயில். அதன் மெல்லிய தகடுகளுக்கு இடையில் பனிக்கட்டி பிடித்தால் காற்று புகாது. வண்டியை நிறுத்தினால் அது உருகி, அடியிலுள்ள குழாய் வழியாகத் தண்ணீராக வெளியேறும். அடிவாரத்தில் நான் பார்த்த ஈரம் அந்தப் பனிக்கட்டிதான்.

"அப்ப ஏன் சேலத்துல வரமாட்டேங்குது?" என்று கேட்டேன். சேலத்து வெயிலில் காயிலுக்கு மூச்சு விட நேரமில்லை என்றார். 40 டிகிரி காற்று மேலே வந்து மோதிக்கொண்டே இருக்கும்போது அது பூஜ்யத்துக்குக் கீழே போகவே வழியில்லை. 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனியில், வருகிற காற்றே 17, 18 டிகிரிதான். அதுவும் தண்ணீர் நிரம்பிய காற்று. காயிலுக்கு வேலை குறைவு, உறைவதற்கு ஈரம் தாராளம். வண்டியின் கம்ப்யூட்டர்தான் காயில் 2, 3 டிகிரிக்கு இறங்கியதும் கம்ப்ரசரை வெட்ட, அதாவது நிறுத்த வேண்டும். அது வெட்டவில்லை. ஏன் என்று சேலத்தில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. "மலைக்குப் போவோம். மழை பேஞ்ச மறுநாள் சொல்லுங்க."

ஏப்ரல் முதல் வாரம் கோடை மழை பெய்தது. மறுநாள் மதியத்துக்கு மேல் பாய், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரையும், சமையலறையில் பால் சூடு பார்க்கிற மாதிரி ஒரு குச்சித் தெர்மாமீட்டரையும் எடுத்துக்கொண்டு ஏறினார். தெர்மாமீட்டரை நடுத் துவாரத்தில் செருகினார். ஸ்கேனரில் காயில் சென்சார் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார். கோரிமேடு, அடிவாரம், முதல் வளைவு, பத்தாவது வளைவு. ஒன்றும் நடக்கவில்லை. ஏற்காடு ஏரி வரை வந்துவிட்டோம். எனக்கு வெட்கமாக இருந்தது. பல்வலியோடு போனவனுக்கு டாக்டரைப் பார்த்ததும் வலி நின்றுவிடுமே, அப்படி.

அவருக்கு ஏமாற்றமே இல்லை. ஏறும்போது ஆக்சிலேட்டரை ஆழ அழுத்துகிற ஒவ்வொரு தடவையும், இன்ஜினுக்குப் பலம் மிச்சமாகட்டும் என்று கம்ப்யூட்டர் கம்ப்ரசரைச் சில நொடிகள் வெட்டிவிடுமாம். அந்தச் சில நொடிகளில் காயில் உருகிக்கொள்கிறது. இறங்கும்போது யார் ஆக்சிலேட்டரை அழுத்துகிறார்கள்? செகண்ட் கியரில், இன்ஜின் 3,000 சுற்றில், கம்ப்ரசர் ஓயாமல் ஓடும்.

ஊருக்குள் அரை மணி நேரம் சுற்றிவிட்டு இறங்கத் தொடங்கினோம். பனி இறங்கியிருந்தது. பூ மழைக்கு அப்புறம் காப்பித் தோட்டமெல்லாம் பூத்திருந்த நேரம். வெளிக் காற்றை உள்ளே எடுக்கும்படி வைத்திருந்ததால் மல்லிகை போன்ற அந்த வாசனை துவாரம் வழியாக வந்தது. தெர்மாமீட்டர் 9 காட்டியது. அப்புறம் 6. அப்புறம் 3. ஸ்கேனரில் காயில் சென்சார் மட்டும் 7 என்றே சொல்லிக்கொண்டிருந்தது. துவாரத்தில் வருகிற காற்றே 3 டிகிரியில் இருக்க, அதைக் குளிரவைக்கிற காயில் எப்படி 7-ல் இருக்கும்? தெர்மாமீட்டர் 2-க்கு வந்தபோது வாசனை மெல்லிதானதை முதலில் நான்தான் கவனித்தேன். கையை வைத்தேன். காற்று தேய்ந்துகொண்டிருந்தது.

"நிறுத்துங்க" என்றார். ஓரம் அகலமாக இருந்த இடத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் போனெட்டைத் திறந்தோம். கம்ப்ரசருக்குத் திரும்புகிற அலுமினியப் பைப்பில் வெள்ளையாக உப்புப் பூத்த மாதிரி ஒரு படிவு. பாய் நகத்தால் சுரண்டினார். நகத்தில் பனி. கேஜை மாட்டினார், நீல முள் 28-ஐ ஒட்டி நின்றது. சேலத்தில் 28 பி.எஸ்.ஐ. என்றால் காயில் சரியாகப் பூஜ்யம் டிகிரி. மலையில் காற்றழுத்தம் குறைவு, கேஜ் அந்தக் காற்றை வைத்துத்தான் அளக்கிறது. அதனால் மேலே பூஜ்யம் என்பது 30-ஐ ஒட்டி வரும் என்றார். அப்படியானால் எங்கள் காயில் பூஜ்யத்துக்கும் கீழே. பள்ளிக்கூடத்தில் பாரமானி படித்ததற்கு முப்பது வருடம் கழித்து ஒரு உபயோகம்.

மறுநாள் கொட்டகையில் க்ளவ் பாக்ஸைக் கழற்றினார்கள். காயில் சென்சார் ஒரு தெர்மிஸ்டர்; ஒயர் முனையில் மிளகு அளவுக்கு ஒரு குமிழ். சூடு ஏறினால் அதன் மின்தடை குறையும், குளிர்ந்தால் கூடும். அதைக் கழற்றி, பக்கத்துப் பழக்கடையில் வாங்கிய ஐஸை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, குமிழை அதில் முக்கி மல்டிமீட்டரை மாட்டினார். எண் ஏறி ஓரிடத்தில் நின்றது. மொபைலில் இருந்த அட்டவணையோடு ஒப்பிட்டார். அதே எண். உள்ளங்கையில் பொத்திப் பிடித்தார், இறங்கியது. சென்சாரில் ஒரு குற்றமும் இல்லை.

நான் முகம் வாடினேன். அவர் டார்ச்சை உள்ளே அடித்துக்கொண்டே இருந்தார். சென்சார் குமிழ் காயிலின் தகடுகளுக்கு நடுவே குத்தி நிற்க வேண்டும். அதைப் பிடித்துக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் கிளிப் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் காயில் மாற்றியபோது யாரோ அதை உடைத்துவிட்டு, ஒயரைச் சும்மா ஓரத்தில் சொருகிவைத்திருக்கிறார்கள். அது நழுவி, காயிலைத் தொடாமல், பெட்டியின் மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது. தான் இருக்கிற இடத்தின் சூட்டை அது ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. மகள் விடுதியில் சேர்ந்ததே போன வருடம் ஜூனில்தான். அதுவரை வண்டி மலைப்பக்கம் போகாததால் குட்டு வெளிப்படவில்லை.

பழைய பெட்டி ஒன்றிலிருந்து கழற்றிய கிளிப்பைப் போட்டு, குமிழைத் தகடுகளுக்குள் குத்தி நிறுத்தினார். கிளிப்புக்குக் காசு வாங்கவில்லை. கழற்றி மாட்டிய கூலி, கேஸ், மலைக்கு வந்த அரை நாள் எல்லாம் சேர்த்து 3,500 ரூபாய். மூன்று தடவை ஏமாந்த தொகையைவிடக் குறைவு.

கிளம்புகிற நேரத்தில் டேஷ்போர்டைப் பார்த்து, "பிள்ளையாரக் கொஞ்சம் நவுத்தணும் தம்பி" என்றார். கண்ணாடியை ஒட்டி அம்மா இரண்டு பக்கம் ஒட்டுகிற டேப் போட்டு நிறுத்திய சின்னப் பித்தளைப் பிள்ளையார். அவருக்குக் கீழே ஒரு கறுப்புக் குமிழ்; வெயில் எவ்வளவு அடிக்கிறது என்று பார்க்கிற சென்சார். கிளைமேட் கண்ட்ரோல் உள்ளே ஒரு சூடு, வெளியே ஒரு சூடு, வெயில் மூன்றையும் பார்த்துத்தான் கணக்குப் போடுகிறது. 1964-ல் காடிலாக் கார்களில் தானியங்கி ஏசி வந்ததிலிருந்து யோசனை அதேதான்: மனிதன் திருகிக்கொண்டிருக்காமல், வண்டியே உணர்ந்து சரிசெய்ய வேண்டும். நான்கு வருடமாக என் வண்டி பிள்ளையார் நிழலில் இருந்துகொண்டு, சேலத்தில் வெயிலே இல்லை என்று நினைத்திருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். நல்ல நாள் பார்த்து நகர்த்தினார்.

இந்த ஜூலையில், தென்மேற்கு மழைக் காலம், மறுபடி அந்தி நேரத்தில் இறங்கினோம். பனி நவம்பரைவிடக் கனமாக இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போனெட்டுக்குள் டக் என்று கம்ப்ரசர் வெட்டுவதும் சேர்வதும் கேட்டது. அந்தச் சத்தத்துக்காகவே பாட்டைப் போடாமல் வந்தேன். கண்ணாடி துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பாதி மலையில் அம்மா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "குளுருது கண்ணு, ஏசிய நிறுத்திப்போடு" என்றார். நிறுத்தினால் கண்ணாடி வெளுக்கும், காற்றில் இருக்கிற ஈரத்தைப் பிழிவதே ஏசிதான் என்றேன். அவருக்கு அது நியாயமாகப் படவில்லை. "அப்ப ஏசியும் ஓடட்டும், சூடாவும் வை."

கிண்டலாகச் சொன்னாரோ என்னவோ, வண்டி செய்யக்கூடிய வேலைதான் அது. 27-க்கு ஏற்றினேன். டேஷ்போர்டுக்குள் பலகை நகர்கிற மெல்லிய உறுமல் கேட்டது. காயில் பிழிந்த உலர்ந்த காற்று வெந்நீர் மேல் தவழ்ந்து இளஞ்சூடாகக் கண்ணாடிக்கு வந்தது. அம்மா துவாரத்தில் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, தட்டுவடைப் பையில் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று தேட ஆரம்பித்தார்.